சின்ன முதலாளி தேர்ந்தெடுத்த குழாய்

தொழிற்சாலைப் பட்டறை மேசையில் சாக்கை விரித்து, அதன்மேல் இரண்டு புகைக்குழாய்களை அருகருகே வைத்துக்கொண்டு சின்ன முதலாளி நின்றது இன்றும் கண்ணில் நிற்கிறது. எண்பதுகளின் நடுப்பகுதி. ஆம்பூரில் அவர்களுடைய தோல் தொழிற்சாலையில் நான் பிட்டராக இருந்தேன். தோல் வாங்க வந்துபோன வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது தன் டர்போ காரை இவரிடம் விற்றுவிட்டுப் போனார். வெளியேறும் புகையின் வேகத்தாலேயே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் வண்டி அது. அந்தச் சக்கரத்திலிருந்து கீழே இறங்கும் குழாயை டவுன் பைப் என்போம். சாலைப் பள்ளத்தில் அடிபட்டு அது பிளந்துபோயிருந்தது.

மேசையில் இருந்ததில் ஒன்று, சென்னையின் பழைய உதிரிபாகக் கடைகளில் அலைந்து வாங்கிவந்தது. அதே ரக வண்டியினுடையது. ஒடுக்கமான குழாய், நடுவில் கம்பிவலை சுற்றிய, வளைந்து கொடுக்கிற இணைப்பு. மற்றது எங்கள் வெல்டர் செய்துகொடுத்தது. நல்ல அகலம், வளையாத ஒரே துண்டு. புகை தடையில்லாமல் போனால் வண்டி இன்னும் பாயும். சென்னைக்குப் பக்கத்தில் நடக்கவிருந்த கார் பந்தயத்தில் ஓட்டவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

"இன்ஜின் ஆடறப்ப இது தாங்குமா?" என்று அகலக் குழாயைத் தொட்டுக் கேட்டார்.

"தாங்கும்னுதான் நெனைக்கிறேன் மொதலாளி," என்றார் வெல்டர்.

சின்ன முதலாளி ஒடுங்கிய குழாயைக் கையில் எடுத்தார், திருப்பிப் பார்த்தார், கீழே வைத்தார். "சரி, பெருசையே மாட்டுங்க. பேஜார் பண்ணா கழட்டிக்கலாம்."

அடுத்த சில நாட்களில், வேலூரில் தாய்வீட்டுக்குப் போயிருந்த மனைவியிடம் மகளை விட்டுவரக் கிளம்பினார். பள்ளிக்கூடம் சேராத சின்னக் குழந்தை. புதுக் குழாய் எப்படி ஓடுகிறது என்று பார்க்க என்னையும் முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டார். நல்ல மழை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டோம். என் பக்கத்துக் கண்ணாடி மட்டும் முழுதாக மூடாமல் முகத்தில் சாரல் அடித்தபடி இருந்தது. பள்ளிகொண்டா தாண்டியதும் அவர் நெற்றியைத் தேய்த்தார். "தலை ஜாஸ்தியா பாரமா இருக்கு பிட்டரே." எனக்கும் லேசாக வலித்தது. வேலூர் மலைகள் தெரிந்ததும் குழந்தையைக் கூப்பிட்டார். பின்னாலிருந்து பதில் இல்லை. திரும்பி அதன் கையைத் தொட்டேன். தூக்கினால் துணிபோல விழுந்தது.

கண்ணில் பட்ட முதல் ஆஸ்பத்திரியில் வண்டியை நிறுத்தி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். கால்கள் ஒன்றோடொன்று பின்னின. வாசலில் இருந்த காவலாளி அவரை மறித்தார்.

"இன்னாய்யா, குடிச்சிட்டா கொழந்தயத் தூக்கினு வர்ற?"

சின்ன முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாக்கு குழறியது. நான் குழந்தையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

குழாய் ஆட்டம் தாங்காமல் வெல்டிங்கில் விரிசல் விட்டு, புகை வண்டிக்குள் வந்துகொண்டிருந்திருக்கிறது. "புகையில இருக்குற இந்த விஷத்துக்கு வாசனையே கிடையாது. தூங்குற மாதிரியே இருக்கும்," என்றார் டாக்டர். முகத்தில் மூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் குழந்தை கண் திறந்து அம்மாவைத் தேடியது.

அதன் பிறகுதான் சின்ன முதலாளி வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பிட்டரே, நெஜமாவே நான் குடிச்சவன் மாதிரியா இருந்தேன்?"

"ஆமா மொதலாளி."

அவர் என் பக்கம் திரும்பி, "அப்ப தொட்டியில எறங்கினாரே, அவரு?" என்றார்.

அதற்கு முந்தைய வருடம் எங்கள் தொழிற்சாலைக் கழிவுத் தொட்டியில் சேறு வார இறங்கிய ஒருவர், ஏணியிலேயே தள்ளாடி உள்ளே விழுந்து இறந்துபோனார். குடித்துவிட்டு இறங்கினார் என்று விசாரிக்க வந்தவர்களிடம் சொன்னது சின்ன முதலாளிதான். தள்ளாடியதைப் பார்த்த எல்லோரும் அதையே நம்பினோம். இறந்தவரின் மனைவி எங்களிடமே உப்பிட்டு வரும் தோலை உதறி உப்பு நீக்கும் வேலையில் இருந்தார். குடிகாரன் பெண்டாட்டி என்று காதுபடவே பேசுவார்கள். அவர் நிமிர்ந்து பார்க்கமாட்டார்.

சின்ன முதலாளி எழுந்துபோய் டாக்டரிடம் கேட்டார். தொட்டிச் சேற்றில் உண்டாகும் வாயுவும் ஆளைத் தள்ளாட வைத்து நிமிடத்தில் சாய்த்துவிடும், அதற்குக் குடித்திருக்கத் தேவையே இல்லை என்றார் அவர்.

ஊர் திரும்பியதும் அகலக் குழாயைக் கழற்றி ஒடுங்கியதை மாட்டச் சொன்னார். பந்தயப் பேச்சு அதோடு நின்றது. மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரையும் முற்றத்தில் கூட்டினார். "வேணாம்டா, கேஸ் ஆயிடும்," என்று அவருடைய அப்பா, பெரிய முதலாளி, கையைப் பிடித்தார். அதை மெல்ல விலக்கிவிட்டு, அந்த அம்மாளின் முன்னால் போய் நின்றார்.

"உங்க வீட்டுக்காரரு குடிக்கலம்மா. தொட்டியில இருந்த வாயுதான் அவரைக் கொன்னுச்சு. குடிச்சாருன்னு நான் சொன்னது பொய்யாப் போச்சு."

அந்த அம்மாள் அழவில்லை. சுற்றி நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களாடி?" என்றார். பிறகு சின்ன முதலாளியை நேராகப் பார்த்து, "எம் பொண்ணு கிட்டயும் வந்து சொல்லு," என்றார். முதலாளியை ஒருமையில் அழைத்த குரலை அந்த முற்றம் அதுவரை கேட்டதில்லை.

அன்றைக்கே அவர்கள் வீட்டுக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டார். பள்ளிச் சீருடையில் இருந்த பெண், அவர் சொன்னதையெல்லாம் கதவைப் பிடித்தபடி கேட்டாள். "இனிமே யாரையாவது எறக்குவீங்களா?" என்று மட்டும் கேட்டாள். "எறக்க மாட்டேன்," என்றார். தொழிற்சாலையை விற்கும் வரையில் அந்தத் தொட்டியில் பம்புதான் இறங்கியது, ஆள் இறங்கவில்லை.

இப்போதும் எங்கோ ஓர் ஊரில் தொட்டியில் இறங்கி இறந்தவரைப் பற்றிச் செய்தித்தாளில் வருகிறது. போதையில் இருந்ததாகக் கூறப்படுகிறது என்று சில நேரம் ஒரு வரியும் சேர்ந்து வருகிறது. அதை வாசித்ததும் பக்கத்தைப் புரட்ட எனக்குக் கை வருவதில்லை. அவர் வீட்டிலும் ஒரு பெண் இருந்தால், அவளிடம் போய்ச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.