லாரி நெற்றியில் ஒரு பெயர்

போன செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் ஒரு பொய் சொன்னேன். பொய் எனக்கொன்றும் புதிதல்ல. சூரமங்கலம் வீட்டில் தலை சீவிக்கொண்டே 'பஸ் ஏறிட்டேன்' என்று போனில் சொல்கிறவள்தான். ஆனால் இந்தப் பொய் என்னை நாலு நாள் அலைய விட்டது.

எங்கள் ஊர் மியூசியத்தில் ஒரு கிஃப்ட் ஷாப் இருக்கிறது. கல்யாணமா, காதுகுத்தா... நான் அங்கேதான் ஓடுவேன். அன்றைக்கும் போனேன். உள்ளே கால் வைத்ததும் கல்லாவில் இருந்த பெண், "இந்த மேடம்தாங்க அத வாங்கிட்டுப் போனாங்க" என்று யாரிடமோ என்னைக் கை காட்டினாள்.

திரும்பினால் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர். நகக்கண்ணெல்லாம் சிவப்பு பெயின்ட். பெயர் அர்த்தநாரி. திருச்செங்கோட்டில் லாரிகளுக்கு பெயின்ட் அடிப்பவர். யாரிடமும் போய்ப் படம் வரையக் கற்றதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் முழ நீளப் பலகைகளில் விதவிதமாக லாரி வரைந்து இந்தக் கடையில் கொடுக்கிறார். இரண்டு மாதம் முன்பு அதில் ஒன்றை நான் வாங்கியிருந்தேன். பச்சை லாரி. அதன் நெற்றியில் மஞ்சள் எழுத்தில் 'கௌசல்யா'.

"ஏனுங்க மேடம், அத எங்கீங்க மாட்டியிருக்கீங்க?"

"ஹால்லதாங்க. சோபாவுக்கு மேல."

இதுதான் அந்தப் பொய். பலகையை என் தோழி வசந்தியின் கிரகப்பிரவேசத்துக்கு, வாங்கிய அன்றைக்கே பரிசாகக் கொடுத்துவிட்டேன். ஆனால் ஒரு மனிதர் அப்படி முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது 'கை மாத்தி விட்டுட்டேன்' என்று சொல்ல வாய் வருமா?

"லாரியில வரைஞ்சா கவலை இல்லீங்க" என்றார். "ஆர்.டி.ஓ ஆபீசுக்கு எஃப்.சி வாங்கப் போறதுக்கு முன்னால பெயின்ட்டுக்குத் திரும்ப வந்துருமுங்க. ஒருக்கா பாத்துக்கலாம். பலகை போனா போனதுதானுங்க. மத்ததெல்லாம் போகட்டும், அது ஒண்ண மட்டும் பாக்கோணும்."

"கௌசல்யா யாருங்க?"

"எம் புள்ளைங்க."

வாசலில் டீ குடித்துக்கொண்டே சொன்னார். லாரி ஓனர்கள் வண்டி நெற்றியில் பிள்ளைகள் பெயரை எழுதுவார்கள், ரோட்டில் பார்த்திருப்பீர்கள். முப்பது வருஷமாக ஊரார் பிள்ளைகள் பெயரை எழுதியவர் இவர். 'எம் பேர எப்பப்பா எழுதுவ?' என்று சின்ன வயதில் மகள் கேட்பாளாம். 'நாம லாரி வாங்கறப்ப' என்பாராம். லாரி வாங்கவில்லை. மகள் தனக்குப் பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொண்டு ஓசூர் போனாள். 'படி ஏறாதே' என்றார் இவர். நாலு வருஷமாக அவளும் ஏறவில்லை.

"அப்பறந்தான் அந்தப் பலகைய எழுதுனனுங்க. ஊட்டுல வெச்சா கண்ணு அங்கியே போவுது. கொண்டாந்து குடுத்துப்போட்டேன். வித்துப்போச்சுன்னு கல்லாவுல இருக்கற புள்ள சொன்னதும், வாங்குனது யாருன்னுதான் கேட்டுட்டு நின்னனுங்க."

நேராக பஸ் பிடித்து கொண்டப்பநாயக்கன்பட்டியில் வசந்தி வீட்டுக்குப் போனேன். பலகை எங்கே இருந்தது என்கிறீர்கள்? லாஃப்ட்டில். நான் ஒட்டிய கிஃப்ட் பேப்பர்கூடப் பிரிக்காமல்.

"கோவிச்சுக்காதடி, நேரமே கெடைக்கல" என்றாள். பிறகு, "குடுத்தத திருப்பிக் கேட்ட மொத ஆளு நீதான்" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். பலகை கைக்கு வந்ததே.

சனிக்கிழமை திருச்செங்கோடு போனேன். பட்டறையில் அர்த்தநாரி ஒரு லாரியின் பின் கதவுக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தார். முதலில் பொய்யை ஒப்புக்கொண்டேன். அவர் அதைக் காதில் வாங்கினாரா என்றே தெரியவில்லை. பலகையை மடியில் வைத்து, சட்டை நுனியால் அந்தப் பெயரை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்களே வெச்சுக்குங்க" என்றேன்.

"வேண்டாங்க. காசு குடுத்து வாங்குன பொருளு. ஒரு ஃபோட்டோ மட்டும் புடிங்க."

பிடித்தேன். "உங்க நம்பர் சொல்லுங்க, அனுப்பறேன்."

பத்து எண்களை மூச்சு விடாமல் சொன்னார். சொல்லிவிட்டு, "அது என்ற நம்பரு இல்லீங்க. புள்ளைது" என்றார்.

நாலு வருஷம் கூப்பிடாத நம்பர்! கூப்பிட்டால் அந்தப் பக்கம் என்ன சொல்வார்களோ என்று பயந்து, இப்படி எத்தனை பேர் வெறும் நம்பரை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம்?

"நீங்களே அனுப்பலாமே..."

"நான் அனுப்புனா நான் எறங்கி வந்த மாதிரி ஆயிருமுங்க. நீங்க அனுப்புங்க. யாருன்னு கேட்டா மியூசியம்னு சொல்லிப்போடுங்க."

அனுப்பினேன். அவர் பெயின்ட் டப்பாவை எடுத்துக் கலக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே கலக்கிய பெயின்ட். இரண்டு டிக் நீலமானது. 'டைப்பிங்' என்று வந்தது... போனது... மறுபடி வந்தது.

பதில் ஒரே வரி. 'இந்த லாரி இப்ப எங்க நிக்குது?'

படித்துக் காட்டினேன். அவர் கலக்குவதை நிறுத்தி, குச்சியை வெளியே எடுத்தார். நீலம் சொட்டி வேட்டியில் விழுந்ததுகூடத் தெரியவில்லை.

"என்னன்னு போடட்டுங்க?"

"ஊட்டு வாசல்லதான் நிக்குதுன்னு போடுங்க" என்றார்.

டைப் செய்தேன். அதே வாரத்தில் இரண்டாவது பொய். அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் ஆளைக் காணோம். வேண்டாம் என்ற பலகையை இடுக்கிக்கொண்டு, வெளியே மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கீங்க கெளம்பிட்டீங்க?"

"அவ வாரதுக்குள்ள மாட்டோணுமுங்க."

வருகிறேன் என்று அவள் சொல்லவே இல்லை.