அக்காவுக்கு வாங்கிய ஹோர்ன்

ஸ்ரனிஸ்லஸ் வானொலிக்குப் பேட்டி கொடுத்தது வாழ்நாளில் ஒரேயொரு தரம்தான். அந்தப் பேட்டியைப் பற்றி ஊருக்குக் கொடுத்த பேட்டிகளுக்குத்தான் கணக்கில்லை. முடிவெட்டக் குந்தினாலும் சரி, செத்தவீட்டில் வெற்றிலைத் தட்டுக்குக் கையை நீட்டினாலும் சரி, கதை சுற்றிவளைத்துக் கொழும்புக்குப் போய், ஒலிப்பதிவு அறையின் தடித்த கதவைத் திறந்து உள்ளே போய் இருந்துவிடும்.

"அந்த அறைக்குள்ள போனா, தம்பி, உன்ர மூச்சே உனக்குக் கேக்கும்."

"பிறகு அந்த அறிவிப்பாளர் தன்ர கையால கோப்பி தந்தார், என்ன?" என்று மிச்சத்தைக் கேட்பவரே சொல்லி முடிப்பார்.

எழுபதுகளின் கடைசியில் ஞாயிறு பின்னேரங்களில் வானொலியில் ஒரு பகிடி நாடகம் போனது. அதில் சூடைக்கிளி என்றொரு மீன்காரி வருவாள். பனையோலைக் கடகத்தைத் தலையில் சுமந்து, வாங்க வந்தவர்களை ஏசி ஏசியே விற்பாள். "ஏனடி பிள்ளை, மீன் பாக்கிறியோ, மாப்பிள்ளை பாக்கிறியோ? உப்பிடித் தொட்டுத் தொட்டுப் பாத்தா மீனுக்கும் வெக்கம் வராதோ? கண்ணைப் பாரடி, உன்ர புருசன்ர கண்ணை விடத் தெளிவு!" தமிழ் கேட்ட வீடெல்லாம் சிரித்தது. அந்தப் பெண்குரல், கொழும்பில் புறக்கோட்டைத் துணிக்கடை ஒன்றில் சேலை மடித்துக்கொண்டிருந்த ஸ்ரனிஸ்லஸ் என்ற மெலிந்த இளைஞனுடையது என்று தெரிந்தபோது சனம் இன்னும் சிரித்தது. அப்போதுதான் பேட்டிக்குக் கூப்பிட்டார்கள்.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடை எரிந்தது. அவர் ஊருக்கு வந்தார். வலை பொத்தினார், மீனுக்கு ஐஸ் போடும் வாடியில் நின்றார், கலியாணம் முடித்தார், ஊரோடு ஓடினார், முகாமில் இருந்தார், திரும்பி வந்தார். மனைவி போய்ச் சேர்ந்தபின், அக்கா யூலிற்றாவின் வளவில் ஒரு அறையும் கதிரையும் அவருக்கு மிஞ்சின.

அக்காவுக்கு எண்பதாகப் போகிறது. மெல்லத்தான் கதைப்பாள்; பக்கத்தில் நிற்பவர்களே "என்னணை?" என்று இன்னொருக்கால் கேட்க வேண்டிவரும். ஒரு மகனைக் கடல் கொண்டுபோனது. மற்றவனைச் சண்டை கொண்டுபோனது. அவளுடைய குரல் போனதற்கு அவை போதாதா என்றுதான் ஸ்ரனிஸ்லஸ் நினைத்திருந்தார். அவர் அதைப் பற்றி அதற்குமேல் யோசித்ததில்லை.

பங்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற நிதர்சனாவுக்கு ஒரு பைத்தியம் உண்டு. பழைய பாட்டுக்காரர், கூத்தர், பகிடிக்காரர் ஆகியோரின் வானொலிப் பேட்டிகளைத் தேடியெடுத்து யூடியூப்பில் போடுவாள். ஒருநாள் அவள் ஸ்கூட்டியை வளவுக்குள் விட்டு, இறங்க முதலே கத்தினாள்.

"ஐயா! உங்கட பேட்டி கிடைச்சிட்டுது! கனடாவில ஒருத்தர் அலுமாரி நிறையக் கசற் வைச்சிருக்கிறார். முழுசா இருக்கு!"

ஸ்ரனிஸ்லஸ் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருசமாக அவர் சொன்னதில் பாதி புளுகு என்று ஊர் நினைத்ததும் அவருக்குத் தெரியும். இனி ஊர் வாயை மூடும்.

ஞாயிறு பூசை முடிய, பங்கு மண்டபத்தில் எல்லாருக்கும் போட்டுக்காட்டுவது என்று ஏற்பாடாயிற்று. அவர் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். சொல்லாமல் விட்டது ஆட்டுக்கும் நாய்க்கும்தான். அக்கா மட்டும் குசினியை விட்டு அசையவில்லை.

"எனக்குக் கால் நோகுது தம்பி. நீ போய்க் கேள். நான் அப்பவே கேட்டனான்தானே."

"அப்ப கேட்டது ரேடியோப் பெட்டியில. இப்ப பெரிய ஸ்பீக்கரில. நீ வராட்டி எனக்கென்ன மரியாதை?"

அவள் ஏதோ சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை. என்னவென்று அவர் கேட்கவுமில்லை. ஓட்டோ பிடித்துவந்து, வெள்ளைச் சேலை உடுக்கச் செய்து, முன்வரிசையில் தனக்குப் பக்கத்தில் இருத்தினார்.

குரல் வந்தது. முதலில் அறிவிப்பாளரின் சுத்தத் தமிழ். பிறகு இளம் ஸ்ரனிஸ்லஸ். தன் குரல் இத்தனை மெல்லியதாக, இத்தனை ஆசையோடு இருந்ததா என்று அவருக்கு முதலில் நெஞ்சு விம்மியது. நடுவில் சூடைக்கிளி வந்து ஏசியபோது மண்டபமே குலுங்கியது. சின்னப் பிள்ளைகள் கதிரையில் ஏறி நின்றார்கள். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்து, எல்லாரும் சிரிக்கிறார்களா என்று சரிபார்த்துக்கொண்டார்.

"இந்தச் சூடைக்கிளியை எங்கே கண்டுபிடித்தீர்கள்?" என்றார் அறிவிப்பாளர்.

"எல்லாம் கற்பனைதான், ஐயா. இப்படியான பெண்களைச் சந்தையில் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன்."

"உங்கள் வீட்டில் யாரும் இப்படி..."

"சேச்சே!" இளம் ஸ்ரனிஸ்லஸ் சிரித்தான். "எங்கள் குடும்பத்தில் அப்படி எவரும் இல்லை. அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். சகோதரி வீட்டோடு இருப்பவர். மீன் வாசமே அவருக்கு ஒத்துவராது."

மண்டபத்தில் ஒரு பிள்ளை மட்டும் தொடர்ந்து சிரித்தது. தாய் அதன் வாயைப் பொத்தினாள். அங்கிருந்த கிழடுகள் அத்தனை பேரும் யூலிற்றாவின் கடகத்து மீனை ஏச்சோடு வாங்கித் தின்றவர்கள். அக்கா, தம்பி இருவரின் தகப்பன் கரைவலையில் கூலிக்குக் கயிறு இழுத்துச் செத்தவர் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

ஸ்ரனிஸ்லஸ் ஒன்றும் மறந்துவிடவில்லை. கோப்பியின் சூட்டையும் அறையின் அமைதியையும் காத்துவைத்த ஞாபகம், இந்த இடத்தை மட்டும் கால் படாமல் தாண்டிப் போயிருந்தது. இப்போது அது முகத்தில் வந்து விழுந்தது. அதன் பின்னாலேயே மற்றதும் வந்தது.

அன்றைக்குப் பேட்டி கேட்க, அக்கா ஒழுங்கைச் சனத்தை முழுக்கக் கூப்பிட்டு, கதிரை இரவல் வாங்கி முற்றத்தில் போட்டிருந்தாள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அடுத்த விடுமுறையில் அவர் வந்தபோது அவள் சொன்னது இவ்வளவுதான்: "உன்ர குரல் நல்ல தெளிவாக் கேட்டது, தம்பி." பிறகு, "அடுத்தமுறை வரேக்க கொழும்பில ஒரு ஹோர்ன் வாங்கிக்கொண்டு வாவன். ரப்பர் பந்து வைச்சது. மீன் கட்டிக்கொண்டு போற சைக்கிளுக்குப் பூட்ட." அவளுக்கும் காலத்துக்கேற்ற மூளை வந்துவிட்டது, இனித் தொண்டை கிழியக் கூவத் தேவையில்லை என்று அவர் பகிடி பண்ணினார். புறக்கோட்டையில் இருந்ததில் நல்லதாகப் பார்த்து, பித்தளைக் குழாய் வைத்ததை வாங்கிவந்து, தன் கையாலேயே பூட்டியும் கொடுத்தார். அன்றிலிருந்து அவள் ஒழுங்கைக்குள் கூவவில்லை. பாம், பாம் என்று ஹோர்ன்தான் கேட்டது. வாய் திறந்தால் "சூடைக்கிளி வாறா" என்று சனம் சிரித்திருக்கும் என்று அவர் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. கடலும் சண்டையும் வர முன்னமே அந்தக் குரல் போய்விட்டது. அதன் வாயை அடைக்கும் சாமானைக் கொழும்பிலிருந்து பஸ் ஏற்றிக் கொண்டுவந்தவர் அவர்தான்.

நிதர்சனா என்ன செய்வதென்று தெரியாமல் மைக்கை அவரிடம் நீட்டினாள். "ஐயா, சூடைக்கிளி மாதிரி ஒருக்கா..."

அவர் எழும்பினார். மைக்கை வாங்கினார்.

"நான் சொன்னது பொய்," என்றார். "சூடைக்கிளி கற்பனையில்லை. அது என்ர அக்கா. அவாவின்ர ஒவ்வொரு சொல்லையும் களவெடுத்துத்தான் நான் பேர் எடுத்தனான்."

இதைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்தார். ஆனால் மண்டபம் கை தட்டியது. விசிலும் அடித்தார்கள். முன்னாலிருந்த பெடியன்கள் யூலிற்றாவின் பக்கம் திரும்பினார்கள்.

"அம்மாச்சி, ஒருக்கா ஏசுங்கோ!"

"சூடைக்கிளி அம்மாச்சி! ஒருக்கா! ஒருக்கா!"

யாரோ மைக்கை அவளுடைய வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்கள். அவள் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு மாதா சுரூபத்தைப் பார்த்தாள். "எனக்கு உந்த வேலை தெரியாது பிள்ளையள்," என்றது ஸ்பீக்கர், மெல்ல. "அது தம்பியின்ர."

ஓட்டோவில் ஏறும்போது நிதர்சனா ஓடிவந்தாள். கண் கலங்கியிருந்தது. "அம்மாச்சி, அந்த இடத்தை வெட்டிப்போட்டு யூடியூப்பில போடட்டே?"

"வெட்டினாப்போல? ஊர் கேட்டதுதானே பிள்ளை," என்றாள் யூலிற்றா. அதில் கோபம் இருந்ததா என்று ஸ்ரனிஸ்லஸ் தேடினார். இருந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

பின்னேரம் அவர் குசினி வாசலில் நின்றார். "அக்கா, அந்த ஹோர்ன்..."

"நல்ல ஹோர்ன்," என்றாள் அவள், அடுப்பைப் பார்த்தபடி. "கனகாலம் உழைச்சது. சோறு போடட்டே?"

மறுநாள் காலை ஒழுங்கையில் பாம், பாம் என்று கேட்டது. கிருசாந்தன் மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு மீன் விற்பவன். அக்கா சட்டியோடு வேலிப் படலையைத் திறந்து வெளியே போனாள். ஸ்ரனிஸ்லஸ் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றார். வேலிக்கு இந்தப் பக்கம்.

"பாரை, அம்மாச்சி. இப்ப கரைக்கு வந்தது."

"இப்ப வந்ததோ?" அக்காவின் குரல் ஒரு படி ஏறியது. "செவுளைத் திறந்து காட்டடா. சுண்ணாம்பு அடிச்ச மாதிரிக் கிடக்கு! இது கடலால வந்ததோ, ஆசுபத்திரியால வந்ததோ? என்னைக் குருடி எண்டு நினைச்..."

ஸ்ரனிஸ்லஸின் கையிலிருந்த வாளி கிணற்றுக் கட்டில் தட்டுப்பட்டது. அவள் திரும்பினாள். வேலிக்கு மேலால் அவரைக் கண்டாள். குரல் அந்த இடத்திலேயே நின்றது.

"ஒரு துண்டு போதும் தம்பி," என்றாள் கிருசாந்தனிடம், வழமைபோல மெல்ல.

கிருசாந்தன் "என்னணை?" என்று கேட்டான்.

அவள் ஒரு விரலைக் காட்டினாள்.

அடுத்த நாள் தூரத்தில் ஹோர்ன் கேட்டதும் ஸ்ரனிஸ்லஸ் கதிரையை விட்டு எழும்பினார். பொல்லை எடுத்துக்கொண்டு பின்படலையால் இறங்கி, பனைகளுக்குள்ளால் கடற்கரைப் பக்கம் நடந்தார். அந்தக் குரலை இன்னும் ஒருதரம் கேட்க வேண்டும் என்று உடம்பெல்லாம் ஆசையாக இருந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தார். வாடிகளைத் தாண்டி, அலைச் சத்தம் மற்றெல்லாவற்றையும் மூடிக்கொள்ளும் இடத்துக்கு வந்தபிறகுதான் நின்றார்.

மோட்டார் சைக்கிள் பிரதான வீதிக்கு ஏறிப் போவது தெரியும் மட்டும் அங்கேயே நின்றார். பிறகு வீட்டுக்குத் திரும்பினார். மத்தியானம் நல்ல மீன். என்ன ஏசி வாங்கினாள் என்று அவர் கேட்கவில்லை.