மைக்கில் வைத்த பொட்டு

நாடகம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரந்தான் இருந்தது. வயர்லெஸ் மைக்குகளை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு வந்தேன். கதாநாயகியின் மைக்கில் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசுவதுபோல் சத்தம் வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அரிசி அளவுதான் அதன் தலை. அதை மூடியிருக்கும் சல்லடையில் ஈரச் சந்தனம் அப்பியிருந்தது, நடுவில் குங்குமம் வேறு.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மைக்குகளைப் பச்சைப்பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்கிறவன் நான். ஒவ்வொரு ஒத்திகைக்குப் பிறகும் வியர்வையையும் பவுடரையும் துடைத்து, தலைகீழாகப் பிடித்து, காய்ந்த பிரஷ்ஷால் தட்டித்தான் பெட்டியில் வைப்பேன். "எவன்டா இந்த வேலையப் பாத்தது?" என்று கத்தினேன்.

கதாநாயகியின் முகம் வெளுத்துவிட்டது. ஒத்திகைக்கு மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டிக்குப் பஸ்ஸில் வந்துபோகிற பிள்ளை. அவள் நடிப்பது அப்பாவுக்குப் பிடிக்காது. ஒரு தரம் வந்து பார்ப்பேன், சரிப்படாவிட்டால் இதோடு விட்டுவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு தரம் அன்றைக்குத்தான். மற்ற மைக்குகள் எல்லாம் மற்றவர்கள் கன்னத்தில் ஏறிவிட்டன. மைக் இல்லாமல் பேசினால் அந்த மண்டபத்தில் பாதிக்கு மேல் கேட்காது.

"அவருக்குக் கேக்கலைன்னா அவ்வளவுதாண்ணே," என்றாள்.

சல்லடை மூடியைக் கழற்றி ஸ்பிரிட்டில் போட்டேன். சந்தனம் உள்ளே இறங்கியிருந்தால் மைக் செத்தது. மைக்கைத் தலைகீழாகப் பிடித்துப் பிரஷ்ஷால் தட்டத் தொடங்கினேன்.

பக்கக் கதவடியில் நின்றிருந்த ஒருவர் மெதுவாகக் கிட்ட வந்தார். "தம்பி, யாரையும் ஏசாதீங்க. நான்தான் வச்சேன். நான் இவ அப்பா."

மைக்குகளுக்குப் பெயர் ஒட்டி மேசையில் வைத்துவிட்டு ஸ்பீக்கர் பார்க்க நான் போன நேரத்தில் வந்திருக்கிறார்.

"ஆயுத பூசைக்கு பெக்டரி மெஷினுக்கெல்லாம் நான்தான் பொட்டு வைக்கிறது. இதுல புள்ள பேரு இருந்துச்சு. நல்லாப் பேசணும்னு வச்சேன். கெட்டுப் போச்சா?"

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனால் பயம் இரண்டு மடங்கானது. இனி மைக் செத்தால் அது அவர் கையால் செத்ததாகிவிடும். பிரஷ்ஷால் தட்டிக்கொண்டே இருந்தேன்.

"அப்பாவா வச்சீங்க?" என்றாள். அவர் தலையசைத்தார். அவள் அதையே இன்னொரு தரம் கேட்டாள்.

மணி அடித்துவிட்டது. மூடியைத் துடைத்து மாட்டி, அவள் கன்னத்தில் ஒட்டினேன். தனியாகச் சோதிக்க நேரமில்லை. மண்டபத்து ஸ்பீக்கரையே திறந்துவிட்டு, "ஏதாவது பேசும்மா," என்றேன்.

"அப்பா, பின்னுக்குப் போயிறாதீங்க. முன்னுக்கு ஒக்காந்து பாருங்க."

மண்டபம் முழுக்கக் கணீரென்று கேட்டது. பின்வரிசையில் இரண்டு மூன்று அப்பாமார் தங்களைத்தான் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். கூட்டம் சிரித்தது. அவளுடைய அப்பா அசையவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "கேக்குது தம்பி," என்றார். "நல்லாக் கேக்குது."