ஒரு மிடறு திராட்சரசம்

எங்கள் சங்கரன்கோவில் சபையில் ஆலோசனை சொல்லுகிறவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. கனகமணிக்கு எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "அந்த மனுசன தலைமுழுகிட்டு மகளைப் பாருட்டி."

கனகமணி விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றுகிறவள். கணவர் சாம்ராஜ் கெட்டிக்கார தறி மெக்கானிக். குடித்துவிட்டால் மட்டும் எந்தச் சாக்கடை ஓரம் கிடப்பார் என்று அவருக்கே தெரியாது. ஆனாலும் அவள் தலைமுழுகவில்லை. சாயங்காலம் வேலை விடும் நேரத்துக்கு அவருடைய கூடத்து வாசலில் போய் நின்று, மதுக்கடை இல்லாத தெருக்களாகச் சுற்றி வீட்டுக்குக் கூட்டி வருவாள். குடியை நிறுத்தும் வைத்தியத்துக்குத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவாள். கொஞ்ச நாள் ஒழுங்காக இருப்பார், மறுபடி விழுவார். மறுபடி இவள் வாசலில் போய் நிற்பாள். பார்க்கிற எங்களுக்கே அலுத்துவிட்டது.

பிறகு எப்படியோ எட்டு மாதம் அவர் தொடவே இல்லை. முகத்தில் களை வந்தது. மகள் ஜெபிதா அப்பாவின் வண்டியில் உட்கார்ந்து கல்லூரிக்குப் போனாள். கனகமணிக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சம். குடிக்கிறவர் என்பதால் சாம்ராஜ் பல வருஷமாகத் திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் எடுத்ததில்லை. மற்றவர்கள் முன்னால் போய் முழங்காலிடும்போது, கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டிருப்பார். அது அவளை அரித்துக்கொண்டே இருந்தது. ஈஸ்டர் ஆராதனையில் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேண்டாம்ட்டி, அடுத்த தடவை பாப்போம்."

"இன்னும் எத்தனை நாளைக்குப் பின்னாலயே ஒளிஞ்சு இருப்பீங்க? எந்திரிங்க."

எங்கள் சபையில் திராட்சரசம் வீட்டுப் பக்குவம். நாள்பட ஊறிப் புளித்தது, கொஞ்சம் சுள்ளென்றே இருக்கும். குருவானவர் பாத்திரத்தை அவர் உதட்டில் வைத்தார். ஒரு மிடறுதான். சாம்ராஜ் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்துக் கனகமணி அழுதாள். இத்தனை பேர் இருந்தோம், எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மத்தியானம் கறி வாங்கப் போனவர் வீடு திரும்பவில்லை.

சிவகிரி, ராயகிரி என்று பஸ் ஏறி ஏறித் தேடினாள். போட்டோவைக் காட்டினாள். நாட்கள்தான் போயின. சபையில் "நாங்க அப்பவே சொன்னோம்லா" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வாய்களை எல்லாம் தைத்தால் என்ன என்று எனக்கு வந்தது. ஆனால் கனகமணிக்கு யார் மேலும் கோபம் இல்லை. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

"நானே ஊத்திக் குடுத்துட்டேனே," என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டாள்.

ஜெபிதா அம்மாவின் தலையைப் பிடித்து நிறுத்தினாள். "போதும்மா. விட்ரு. உனக்கு எதாவது ஆச்சுன்னா நான் எங்க போவேன்?"

கனகமணி விட்டுவிட்டாள். நிஜமாகவே விட்டுவிட்டாள். தேடப் போகவில்லை, ஜெபம் பண்ணவில்லை. அவருடைய சட்டைகளைக்கூட மூட்டையாகக் கட்டிவிட்டாள். அவள் பட்ட பாடெல்லாம் வீண் என்று நானும்தான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. பக்கத்து வீடு என்பதால் நானும் அங்கேதான் இருந்தேன். குரல் வெளியே கேட்டது.

"கனகம், நான் புளியங்குடில எலுமிச்சை மார்க்கெட்ல கிடக்கேன். இந்த அண்ணாச்சி போன் குடுத்தாரு."

அவள் போனை இறுகப் பிடித்தாள்.

"குடிச்சுட்டுதான் கிடக்கேன். மறைக்கல. என்னை ஆஸ்பத்திரில சேத்து விடுதியா?"

"எத்தனை தடவைங்க?" அவள் கத்தினாள். "இன்னும் எத்தனை தடவை நான் இழுத்துட்டு அலைய? என் உசுரே போய்ட்டு."

அந்தப் பக்கம் அவர் அழுகிற சத்தம் கேட்டது. "இதுக்கு முன்ன எல்லாம் நீதான இழுத்துட்டுப் போன. நானா ஒரு தடவை கேட்டிருக்கனா? குடிக்காம எப்படி இருக்கும்னே எனக்கு அப்பத் தெரியாதுட்டி. இப்பத் தெரியுதே. அந்த எட்டு மாசம் எனக்கு வேணும்."

கனகமணி வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சொன்னாள்:

"அங்கனயே இருங்க. வாரேன்."