வள்ளத்துக்கு ஒரு பங்கு

கணக்கில் லிஜிக்குப் பிடித்தது விகிதம். அதிலும் டேட்டா சஃபிஷியன்சி என்றால் ஒரே கொண்டாட்டம். விடை கண்டுபிடிக்க வேண்டாம். கொடுத்திருக்கும் இரண்டு தகவல்களில் எது போதும் என்று சொன்னால் தீர்ந்தது. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து ஐந்து வருஷமாக வங்கித் தேர்வு எழுதியவள், அந்தக் கேள்விகளில் மட்டும் மார்க்கை விட்டதே இல்லை.

2011-இல் எழுதியது கடைசித் தடவை. அதற்கு மேல் வயது தாண்டிவிடும். அப்பா சிலுவைதாசனுக்கு நெஞ்சுவலி. கடலுக்குப் போகவே கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். மனுஷன் கேட்டால்தானே! "நீ வேலைக்குக் கேறுத அன்னைக்கு நான் கரைக்குக் கேறுதேன் மக்கா" என்பார். லிஜி உயிரைக் கொடுத்துப் படித்ததே அந்த ஒரு பேச்சுக்காகத்தான்.

தேர்வு முடிந்து நாகர்கோவிலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, கூடப் படித்த குளச்சல் ரஸீனா கேட்டாள். "ஏட்டி, மீன் கணக்குக்கு என்ன போட்ட?"

இரண்டு பேர், பிடித்த மீனை 3:2 என்று பிரித்துக்கொள்கிறார்கள். குறைவாகக் கிடைத்தவருக்கு எத்தனை மீன்? முதல் தகவல், மொத்தம் பிடித்தது அறுபது. இரண்டாவது, ஒருவருக்கு மற்றவரைவிடப் பன்னிரண்டு கூடுதல்.

"ரெண்டாவது மட்டும் போதும்னு போட்டேன். ஒண்ணாவதுல வள்ளத்துப் பங்கு எவ்வளவுன்னு சொல்லலியே."

"வள்ளமா? அது எங்க இருந்துட்டி வந்து? அறுபத அஞ்சாப் பிரிச்சா தீந்துது. ரெண்டுல எது இருந்தாலும் போதும்."

லிஜி மனசுக்குள் அறுபதை அஞ்சாகப் பிரித்துப் பார்த்தாள். அவள் ஊரில் மீனைப் பிரித்தால் முதல் பங்கு கடலுக்குப் போன வள்ளத்துக்கு, மிச்சம்தான் அதில் போன ஆட்களுக்கு. வள்ளம் சிலுவைதாசனுடையது. பள்ளிக்கூடம் முதல் கோச்சிங் வரை அந்தப் பங்கில்தான் அவள் படித்தாள். அதை விட்டுவிட்டுக் கணக்குப் போட அவளுக்குத் தோன்றவே இல்லை. கேள்வி எழுதிய மகராசன் மீனைச் சோற்றுத் தட்டில்தான் பார்த்திருப்பான். என்ன செய்ய, மார்க் அவன் கையில்.

ஒரு மார்க்கில் வேலை போயிற்று. சரியாகப் போட்டிருந்தால் ஒன்று கிடைத்திருக்கும். தப்புக்குக் கால் மார்க் பிடித்தார்கள். தப்பானவை வேறும் இருந்தன. அவளுக்கு இந்த ஒன்றுதான் நெஞ்சில் நின்றது.

சிலுவைதாசன் முழுசும் கேட்டார். "வள்ளத்துக்குப் பங்கு எடுக்காம எவன் மீனப் பிரிப்பான்? நீ போட்டதுதான் மக்கா செரி." அவர் முகத்தில் பெருமை. ஏசியிருந்தால்கூட லிஜி தாங்கியிருப்பாள்.

மறுநாளும் அவர் கடலுக்குப் போனார். மூன்றாம் மாதம், வலை இழுக்கும்போது வள்ளத்துக்குள்ளேயே சரிந்தார். கரை சேரும்போது உயிர் இல்லை.

அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாள் மற்ற ஆட்கள் வள்ளத்தைக் கடலில் இறக்கினார்கள். திரும்பியதும், அவரோடு இருபது வருஷம் தொழிலுக்குப் போன கபிரியேல் ஒரு கூடை மீனோடு வாசலில் வந்து நின்றார்.

"வள்ளத்துக்க பங்கு மக்கா."

லிஜி கூடையை வாங்கவில்லை. அறுபதை அஞ்சாகப் பிரித்திருந்தால் அப்பா இப்போது கரையில் இருந்திருப்பார் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். கபிரியேல் கூடையை இறக்கி வைக்கவும் தெரியாமல் நின்றார்.