மாஸ்டருக்காக லேசாகச் செய்தவை

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்குப் பயம் வந்தால் பசிக்கும். அவர் தொழிலில் பயம் வராத நேரமே கிடையாது. வண்டி கற்க வருகிறவர்கள் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் ஒரு கை ஸ்டியரிங்கைப் பிடிக்கும், மறு கை மடியிலிருக்கும் கிரீம் பிஸ்கட்டைத் தேடும். இப்படியே ஊருக்கெல்லாம் லைசென்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, தனக்கென்று ஒரு தொப்பையைச் சம்பாதித்துக்கொண்டார்.

அதில் அவருக்கு வருத்தம் ஏதும் இல்லை. லிஃப்ட்டுக்குத்தான் இருந்தது. ஒரு மாலை, ஆறாம் மாடியிலிருந்த தன் வீட்டுக்குப் போக அவர் உள்ளே கால் வைத்ததும் அது கீச்சுக் கீச்சென்று கத்தியது. உள்ளே ஏற்கெனவே கூட்டம்தான். ஆனாலும் எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். வெளியே வந்தார். சத்தம் நின்றது.

"தப்பா எடுத்துக்காதீங்க மாஸ்டர், லிஃப்ட்டுக்கும் வயசாகுதில்ல," என்றார் குடியிருப்புச் சங்கத் தலைவர், கதவு மூடுவதற்குள்.

மாஸ்டரின் மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கணவரை வேறு யாரும் ஒரு சொல் சொன்னால் பொறுக்கமாட்டார். தான் மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்வார். அந்த வார விடுமுறையில் கணவருக்குப் பிடித்த சாக்லேட் கேக்கை லேசாகச் செய்தார். வெண்ணெய்க்குப் பதில் வேகவைத்த பூசணி, சர்க்கரைக்குப் பதில் பேரீச்சம்பழம், மைதாவுக்குப் பதில் ஓட்ஸ்.

மாஸ்டர் ஒரு துண்டை மென்றார். யோசித்தார். மறுபடி மென்றார்.

"கேக்குக்குப் பதிலா என்ன போட்டே?"

"பேசாம சாப்பிடுங்க. இதுல பாதிக் கொழுப்புதான்."

"அப்ப ரெண்டு மடங்கு சாப்பிடலாம்," என்று தட்டைக் காலி செய்தார்.

அடுத்த முறை செய்ததை மனைவி இரண்டாம் மாடி நர்ஸிடம் ருசி பார்க்கக் கொடுத்ததுதான் வினையாகிவிட்டது. "இதைவிட நான் நல்லா பண்ணுவேன்," என்று நர்ஸ் எண்ணெயே இல்லாமல் முள்ளங்கி சிப்ஸ் சுட்டுக் கொண்டுவந்தார். முதல் மாடித் தையல்காரர் காலிஃபிளவரை அரைத்து பீட்சா செய்தார். அதுவரை வெந்நீர்கூட வைத்தறியாத தலைவர், சர்க்கரையில்லாத புட்டிங் ஒன்றைக் கிண்டினார். சூடான பாத்திரத்தோடு லிஃப்ட்டுக்குக் காத்திருந்தால் ஆறிவிடும் என்று எல்லோரும் படியேறியே வந்தார்கள். வந்து மூச்சு வாங்கியபடி மாஸ்டரின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். யார் மனமும் நோகக்கூடாதே என்று அவர் எல்லாவற்றையும் வழித்துச் சாப்பிட்டார்.

சில வாரம் கழித்து நர்ஸ் எடை மெஷினைத் தூக்கி வந்தார். மாஸ்டர் ஏறி நின்றார். அவர் எடை கூடியிருந்தது. நம்பாமல் தலைவரும் ஏறிப் பார்த்தார், நழுவும் பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. படியேறி ஏறி குடியிருப்பே இளைத்திருந்தது. மாஸ்டர் ஒருவர்தான் ஊதியிருந்தார்.

"நீங்க ஒத்துழைக்கலை மாஸ்டர்," என்றார் தலைவர்.

"ஒரு வாய்கூட வீணாக்கலையே சார்!"

"மத்தவங்க கொடுக்கறதை நிறுத்துங்க. என் புட்டிங் காத்து மாதிரி, ஒண்ணும் பண்ணாது."

"அப்ப என் சிப்ஸ்தான் கெடுத்துச்சா?" என்று நர்ஸ் எகிறினார். பேச்சு தடித்தது. தையல்காரர் தன் பீட்சாவை நெஞ்சுக்கு நேரே கேடயம் போலப் பிடித்துக்கொண்டார். அதற்கு அது நன்றாகவே பொருந்தியது.

மனைவி சமையலறைக்குள் போனார். சண்டை உச்சத்தில் இருந்தபோது வெண்ணெய் வாசம் வந்தது. எல்லோருக்கும் குரல் இறங்கியது. நிஜ வெண்ணெய், நிஜ சர்க்கரை, நிஜ மைதா போட்ட கேக். ஆளுக்கொரு மெல்லிய துண்டு. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகத் தின்றார். மனைவி அடுத்த துண்டுக்குக் கத்தியை வைத்தார்.

"போதும்," என்றார் மாஸ்டர்.

அந்த வீட்டில் அந்தச் சொல்லை யாரும் கேட்டதே இல்லை. நர்ஸ் ஓடிவந்து நாடி பிடித்துப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. இத்தனை நாளா எல்லார் தட்டுலயும் இந்த ருசியைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். கிடைச்சிடுச்சு," என்றார் மாஸ்டர். சொல்லிவிட்டு அவரே ஆச்சரியப்பட்டார்.

அதன்பின் வாரத்துக்கு ஒரு துண்டு, அசல் கேக். பிஸ்கட்டின் நினைப்பே மெல்ல மறந்து, மாஸ்டர் இளைக்கத் தொடங்கினார். நர்ஸும் தையல்காரரும் கொஞ்சம் முறைத்துவிட்டு விட்டுவிட்டார்கள். தலைவருக்கு மட்டும் புட்டிங் கிண்டுவதை நிறுத்த முடியவில்லை. அதைக் கொட்ட மனம் வராமல் மாஸ்டர் காருக்குக் கொண்டுபோனார்.

அங்கே ஒரு பெண்மணி, திருப்பத்துக்குத் திருப்பம் "ஐயோ" என்று அலறியே மூன்று தடவை டெஸ்ட்டில் தோற்றவர். கரண்டியை நட்டால் நிற்கும் அந்தப் புட்டிங்கை அவர் ஒரு வாய் போட்டதும் பல்லோடு பல் ஒட்டிக்கொண்டது. அலற வழியில்லை. வேறு வழியின்றி சாலையைப் பார்த்தார். வண்டி நேராகப் போனது.

டெஸ்ட்டில் தேறியதும் அவர் தலைவர் வீட்டுக்கே வந்து கும்பிட்டார். "உங்க புட்டிங்தான் சார் எனக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்துச்சு."

தலைவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மறுநாளிலிருந்து பெரிய பாத்திரத்தில் கிண்ட ஆரம்பித்தார்.