குழாய்க்காரருக்குக் கொடுத்த இருபது நிமிடம்

வீட்டிலும் வெளியிலும் அவளுக்கு ‘இடி’ என்றே பெயர். பதினேழாவது வயதில் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கி வந்து முதல் கம்பியைச் சுண்டிய அன்று அப்பா வைத்தது. ராக் இசைக்குழுவின் பாடகி. கவிதைத் தொகுப்புகள் இரண்டு. பகலில் கண்ணாடிக் கடையில் ஜன்னல்களுக்கு அளவெடுக்கும் வேலை. நாற்பத்திரண்டு வயதில், பழைய அச்சகக் கட்டடத்தில் நடந்த மூன்று நாள் கலைவிழாவில் யார் யார், எப்போது மேடையேறுவது என்று தேர்ந்து அமைக்கும் பொறுப்பு அவளிடம் வந்தது.

கலைஞர்கள் முப்பத்தொரு பேர். கவிதை ஒவ்வொன்றையும் தானே உரக்கப் படித்து, நிறுத்துக்கடிகாரத்தில் அளந்து, பட்டியல் போட்டாள். பாட்டுக்காரி மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. பாட்டு அளந்த நேரத்தில் முடியும். கவிஞர்களோ கவிதைக்கு முன்னால் பேசுவார்கள். தானும் அப்படிப் பேசுகிறவள்தான் என்பதையே மறந்துவிட்டாள்.

கடைசி நாள் மாலை அது தலையில் விடிந்தது. நான்கு நிமிடக் கவிதைக்கு ஒருவர் பதினோரு நிமிடம் முன்னுரை சொன்னார். பக்கத்து மருத்துவமனைக்காக ஏழரைக்கு ஒலிபெருக்கி அணைந்தாக வேண்டும். மணி ஏழு பத்து. மீதி இருந்தவை இரண்டு: குழாய் பழுது பார்க்கும் ஒருவரின் முதல் கவிதை வாசிப்பு, பிறகு, ஆறு வருடம் கழித்து ஒன்றுசேரும் இடியின் குழு. மேடைப்பக்கமே எட்டிப் பார்க்காத அம்மா, மகள் பாடுவதைக் கேட்க முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

“குழாய்க்காரரை விட்டுடு. டிரம்ஸ் ஏத்தவே பத்து நிமிஷம் ஆகும்” என்றான் டிரம்மர்.

“அவர் ரெண்டு மாசமா கண்ணாடி முன்னாடி நின்னு படிச்சுப் பழகியிருக்காருப்பா.”

“நாங்க மட்டும் என்ன இளிச்சவாயங்களா?”

“ஆமா. என்னையும் சேத்துக்கோ. குச்சிய உள்ள வை.”

அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

குழாய்க்காரர் ஏறினார். கடைக்குப் பழுது பார்க்க வந்தவர் ரசீதின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, விடாப்பிடியாக அவரை இழுத்து வந்தவள் இடிதான். முன்னுரை கிடையாது. சுவருக்குள் யாரும் பார்க்காமல் ஓடும் தண்ணீரைப் பற்றி நேராக ஆரம்பித்து, ஐந்து கவிதைகள் படித்தார். இருநூற்றாறு பேரில் ஒருவரும் இருமவில்லை. முடித்தபோது மணி ஏழு இருபத்தேழு. கூட்டம் எழுந்து நின்று தட்டியது. திரைக்கு அருகில் நின்ற இடியும் தட்டினாள். டிரம்மரும் தட்டிக்கொண்டிருந்தான்.

அம்மாவிடம் போனாள்.

“உன் பாட்டு எப்ப?”

“இல்லம்மா. நேரம் போயிடுச்சு.”

“இதுக்கா முட்டி வலியோட வந்தேன்?” அம்மா குழாய்க்காரரைச் சூழ்ந்து நின்றவர்களைப் பார்த்தார். “அந்த ஆளை யாருடி புடிச்சது?”

“நான்தான்.”

“அவ்ளோ பேரையும்?”

“முப்பத்தொரு பேரையும்.”

அம்மா பக்கத்து நாற்காலிக்காரியின் பக்கம் திரும்பினார். “கேட்டீங்களா? எல்லாரையும் சேத்தது என் பொண்ணுதாங்க! இன்னைக்குப் பாடல. பாடியிருந்தா நாம இப்படிப் பேசிக்க முடியாது, காது போயிருக்கும்.”

ஏழரைக்கு ஒலிபெருக்கி அணைந்தது. அது இல்லாமலே அம்மாவின் குரல் கடைசி வரிசைவரை கேட்டது.